ஸ்மார்ட் போர்டுக்கு வந்த சோதனை

நரி காட்டுக்குள் நுழைவதற்குள் கதையே முடிந்து, ஸ்மார்ட் போர்டில் 'நன்றி' என்று வந்து நின்றது.

"நரி எங்க மிஸ்?" என்றது ஐந்தாம் வகுப்பு.

ஜெஸிமா டீச்சர் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள். யாரும் தொடாமலே பக்கங்கள் மடமடவென்று புரண்டு, மறுபடி நன்றி சொல்லின.

கே.கே. நகரை ஒட்டிய அந்த அரசுப் பள்ளிக்குப் போர்டு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. படமும் குரலுமாகக் கதை ஓடும். பிள்ளைகள் கூடவே வாசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கல்வி அலுவலர் சிவசங்கர் அதைப் பார்க்க வருகிறார். அன்று திங்கள்.

"அன்னிக்குப் பிள்ளைங்க வாசிக்கலைன்னா உங்களை மருங்காபுரிக்கு மாத்திடுவாங்க டீச்சர். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது" என்று தலைமையாசிரியை கேத்தரின் முன்கூட்டியே கையைக் கழுவியிருந்தார். மாவட்டத்தின் கோடியில் இருக்கும் மருங்காபுரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருவதை நினைத்தாலே ஜெஸிமாவுக்கு இடுப்பு வலித்தது.

கிட்டே போய்ப் பார்த்தாள். ஆயுத பூஜைக்கு ஆயா இருசம்மாள் போர்டின் சட்டம் முழுக்கச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தாள். விரல் பட்டால் பக்கம் புரட்டும் போர்டு, சந்தனத்தையும் விரல் என்றே நம்பிவிட்டது.

"பொட்டு வெக்காத மெஷின் எப்படி ஓடும் டீச்சரம்மா?" என்றாள் இருசம்மாள், கொஞ்சமும் அசராமல்.

ஜெஸிமா ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். பக்கம் புரள்வது நின்றது. போர்டும் நின்றது.

முப்பத்திரண்டு பிள்ளைகளும் வகுப்பைச் சந்தைக்கடை ஆக்கத் தொடங்க, நூலகத்தில் திருப்பிக் கொடுக்கக் கைப்பையில் வைத்திருந்த தடிப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். கொல்லிமலையில் காணாமல் போன யானையைத் தேடிப் போகும் நான்கு பிள்ளைகளின் கதை.

"ஆளுக்கொரு பக்கம் சத்தமாப் படிங்க. போர்டு ரெடியாகிற வரைக்கும்தான்!"

செவ்வாய்க்கிழமை டி.வி. மெக்கானிக் காத்தமுத்து வந்தார். படம் வந்தது, குரலைக் காணோம். அது தலைமையாசிரியை அறை ஸ்பீக்கரில் கேட்டது.

"டீச்சர்! இங்க அட்மிஷனுக்கு வந்தவங்க முன்னாடி நரி ஊளையிடுது!" என்று கேத்தரின் ஓடிவந்தார். அந்தக் குடும்பம் அட்மிஷன் போடாமலே போய்விட்டது.

புதன்கிழமை குரல் வகுப்புக்கு வந்து சேர்ந்தது, படம் போய்விட்டது. வியாழக்கிழமை காலை இரண்டுமே இல்லை.

"நேத்து வயரெல்லாம் இறுக்கி மாட்டிட்டுத்தாங்க போனேன்" என்று காத்தமுத்து தலையைச் சொறிந்தார். "இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு போர்டைப் பாத்ததில்லைங்க டீச்சர்."

சாயங்காலம் வரை இருந்து, எல்லா வயரையும் புதிதாக மாட்டி, டேப் சுற்றி, நரியைக் காட்டுக்குள் அனுப்பிக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினார். ஜெஸிமா மூணு நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை சிவசங்கர் வந்து நாற்காலியில் அமர்ந்தார். ஜெஸிமா சுவிட்சைப் போட்டாள். போர்டு இருண்டே கிடந்தது.

"ரெண்டே நிமிஷம் சார்…" அவள் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டாள். கேத்தரின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போர்டு வரவில்லை என்றதும் பிள்ளைகள் வழக்கம்போலப் புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது பெஞ்சு பானுப்ரியா கணீரென்று வாசித்தாள். அடுத்த பக்கம் யாருக்கு என்று அடிதடி நடந்தது. ஜூனிலிருந்து வாயே திறக்காத ஹாலித்கூட எழுத்துக் கூட்டி அரைப் பக்கம் படித்தான். ஜெஸிமாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

சிவசங்கர் வந்த வேலையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம் யானை கிடைச்சுதா?"

"அவசரப்படாதீங்க சார்" என்றது வகுப்பு.

அவர் சிரித்தபடி எழுந்தார். "இவ்வளவு நல்லா வாசிக்கிற கிளாஸை நான் பாத்ததில்லை டீச்சர். நீங்க இங்கேயே இருங்க. போர்டு ஓடாததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? கம்பெனி மெக்கானிக்கை நாளைக்கே அனுப்பி வெக்கிறேன்."

ஜெஸிமா கைகூப்பினாள்.

பானுப்ரியா பொறுப்பாக எழுந்து நின்றாள். "புதன்கிழமையா அனுப்புங்க சார். கதை முடிய இன்னும் மூணு அத்தியாயம் இருக்கு. அவரு நாளைக்கே மாட்டிட்டுப் போனா, நாங்க மறுபடியும் கழட்டணும்."