லுக்காப்டர் நானாவும் சின்னத்துரையும்

இங்கிலீசை எத்தனையோ பேர் படித்தார்கள், பேசினார்கள், அதை வைத்து உத்தியோகம் பார்த்தார்கள், ஊரை மிரட்டினார்கள். ஆனால் அந்தப் பாஷையில் இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு கண்டி நகரத்தில் பாதியைக் காவல் காத்தவர் லுக்காப்டர் நானா ஒருவர்தான். நானா என்பது முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடும் முறை. வாப்பாவும் உம்மாவும் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அவரிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகு சொல்கிறேன் என்றார்.

முப்பதுகளின் தொடக்கம் அது. தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய பஸ்கள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே அவருடைய தேத்தண்ணிக் கடை. யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க் வேலைக்கு வந்த நானும் இன்னொருவரும் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தோம். அந்த நாளில் கண்டிக் காலைகளில் குளம் கண்ணுக்குத் தெரியாது, பனிமூட்டம்தான் தெரியும். வெளியே மூட்டம், உள்ளே தேத்தண்ணி ஆவி. இரண்டும் வாசலில் கலந்துவிடும். கடைக்குள் இருக்கிறோமா தெருவில் நிற்கிறோமா என்று தெரியாமலே பலர் ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மலைப்பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் கையிலுள்ளதை நானாவிடம் விட்டுவிட்டுத்தான் டவுனுக்குள் போவார்கள். குடை, பூசணிக்காய், பூட்டு இல்லாத டிரங்குப் பெட்டி, கால் கட்டிய சேவல், ஒருமுறை யாரோ ஒருவரின் பொய்ப்பல். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. சாமானை வைத்து, நானாவின் முகத்தைப் பார்த்து, "லுக் ஆஃப்டர்" என்று சொல்ல வேண்டும். அவர் சாமானையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்து, "யெஸ்" என்பார். அந்த யெஸ் விழும்வரை நீங்கள் நகரக் கூடாது. விழுந்த பிறகு யமனே வந்து கேட்டாலும் உங்கள் பூசணிக்காய் கிடைக்காது.

குண்டசாலைக்காரர் ஒருவர் தன் மாமியாரைக் கதிரையில் இருத்தி, இந்தச் சடங்கைக் குறைவில்லாமல் செய்துவிட்டுத் துணி வாங்கப் போனார். கிழவிக்கு அலுத்துவிட்டது. எழும்பினார்.

"உம்மா, இருங்க. ஒங்கள எனக்கிட்ட ஒப்படைச்சீக்குது. அவர் வந்து கேட்டாத்தான் உட ஏலும்" என்றார் நானா.

கிழவி ஏசினார், அழுதார், பிறகு பணிஸ் தின்றார். நானா விசிறிக்கொண்டே நின்றார். மருமகன் பின்னேரம் வந்தபோது கிழவி அவரைப் பார்த்துச் சொன்னது: "இந்த மனுசன் பாத்த மாதிரி நீங்க ஒரு நாள் பாத்தீக்கிறீங்களா?" அடுத்த கிழமை கிழவி தனியாகவே பஸ் ஏறி வந்து, அதே கதிரையில் உட்கார்ந்து, தன்னைத் தானே ஒப்படைத்துக்கொண்டார்.

எனக்கும் அது நடந்திருக்கிறது. ஒருமுறை காய்ச்சலில் விழுந்தேன். அறைத்தோழர் கந்தோர் வேலைக்கு இறங்கிப் போகும்போது விளையாட்டாக நானாவிடம் லுக் ஆஃப்டர் என்று சொல்லிவிட்டார். நான் கண் விழித்தபோது நெற்றியில் ஈரத்துணி. தலைமாட்டில் நானா, கையில் கொத்தமல்லித் தண்ணி.

"நானா, கடையை விட்டிட்டு வந்திட்டீங்களே?"

"கடைய எனக்கு ஆரும் ஒப்படைக்கல்ல தம்பி. ஒங்களத்தான் ஒப்படைச்சாங்க. குடிங்க."

தமிழில் சொன்னால் போதாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். போதாது. "பாத்துக்கொள்ளுங்கண்டு எல்லாரும் எல்லாருக்கும் செல்றாங்க. செல்றவனும் மறந்திர்றான், கேட்டவனும் மறந்திர்றான். தொர ஒரே ஒருக்காத்தான் செல்லினார். செல்லிட்டு, நான் யெஸ் எண்டு செல்லுமட்டும் எண்ட மொகத்தப் பாத்துக்கொண்டு நிண்டார்" என்பார்.

அந்தத் துரை ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் வெள்ளைக்காரர். லீவில் சீமைக்குப் போகிற வழியில் நானாவின் கடையில் ஒரு பிரம்புக் கூடையை வைத்து, திரும்பி வருமட்டும் லுக் ஆஃப்டர் என்று சொல்லிவிட்டு ரெயில் ஏறினார். கூடைக்குள் ஓர் ஆமை. முதுகில் மஞ்சள் கோடுகள். துரையுடைய ஆமை ஆனபடியால் அதற்குச் சின்னத்துரை என்று பெயர் விழுந்தது. பெரிய துரை வரவில்லை. தோட்டம் கைமாறியது, புதுத் துரை வந்தார், அவரும் போனார். சின்னத்துரை முட்டைக்கோவா இலை தின்றுகொண்டு கடையில் நிம்மதியாக இருந்தார். ஆமை உள்ளே வந்தால் இடம் விளங்காது என்று பயந்து எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் பலர் வாசலில் நின்றபடியே தேத்தண்ணி குடித்தார்கள். நானா கோப்பையை வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தாரே தவிர, கூடையை அசைக்கவில்லை.

பின்னேரங்களில் சில வேளை நானும் அவரும் குளத்தைச் சுற்றி நடப்போம். புத்தரின் பல்லை வைத்திருக்கும் மாளிகைப் பக்கம் மேளம் கேட்கும். தண்ணீரும் மலையும் வானமும் ஒரே நிறமாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும். ஒருநாள் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இந்தக் கொளத்த ஆரு லுக் ஆஃப்டர்?"

"முனிசிபாலிட்டி, நானா."

"அவங்க யெஸ் செல்லினாங்களா?"

அன்றைக்கு அவர் இருட்டும்வரை அங்கேயே நின்றார். குளத்துக்கு ஆள் இல்லாமல் போகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஓர் ஆசை இருந்தது. மக்கத்துக்குப் போக வேண்டும். பல வருஷத்து ஆசை. எல்லாம் கூடிவந்தது, கப்பலும் சரியானது. ஆனால் ஹஜ்ஜுக்குப் போகிறவர், தன்னிடம் பிறர் நம்பி வைத்த அமானிதங்களையெல்லாம் உடையவர்களிடம் சேர்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். நானாவின் கடையிலோ அமானிதத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது.

அவர் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். தெல்தெனியவில் குடையைக் கொடுத்தார். பொய்ப்பல்லின் சொந்தக்காரரைத் தேடி, சந்தேகத்துக்கு இடமானவர்களின் வாயையெல்லாம் திறந்து பார்த்தார். கடை காலியானது. கடைசியில் சின்னத்துரை மட்டும் மிஞ்சினார்.

பள்ளிவாசல் லெப்பை ஒரு வழி சொன்னார். உடையவர் இல்லாவிட்டால், மனம் ஒப்பி ஏற்கிற நம்பிக்கையான ஆளிடம் ஒப்படைக்கலாம். நானாவின் மச்சான் உடனே முன்வந்தார். "ஆமைதானே? மகாவலிகங்கையில உட்டா அதுபாட்டுல நீந்திப் போயிரும்." நீந்தத் தெரியாத தரை ஆமை அது. நானா கூடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆளில்லாட்டி நான் போகல்ல. அல்லாஹ்ட ஊட்டு வாசல்ல போய் நிண்டுகொண்டு, ஆமைய ஆத்துல உட்டுட்டு வந்தேண்டு செல்லவா?"

கப்பல் காத்திருக்காது. எல்லாரும் ஆளை ஆள் பார்த்தார்கள். என் அறைத்தோழர் காதுக்குள் சொன்னார்: "உந்த ஆமையை மேல கொண்டந்தியோ, நான் வெளியாலை போயிடுவன்." எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மனிதர் கூடையும் தானுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"நான் வைச்சிருக்கிறன், நானா" என்றேன்.

அது நானாவிடம் செல்லுபடியாகவில்லை. ஒப்படைப்பதை முறையாகத்தான் செய்ய வேண்டும், புறப்படும்போதுதான் செய்ய வேண்டும் என்றார்.

புறப்படுகிற காலையில் கண்டி ஸ்டேசன் பனியில் மிதந்தது. கொழும்பு ரெயில் புகையும் மூட்டமுமாக நின்றது. சலாம் சொல்ல ஊரே வந்திருந்தது. நானா கூடையை என் கையில் வைத்தார். "லுக் ஆஃப்டர்" என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தார். அவர் அந்தச் சொல்லை இன்னொருவருக்குச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"யெஸ்" என்றேன்.

முடிந்தது என்று எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அவர் ஏறவில்லை. குனிந்து, கூடைக்குள் முகத்தை வைத்து, என்னைக் கையால் காட்டி, சின்னத்துரையிடம் சொன்னார்: "லுக் ஆஃப்டர்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். எஞ்சின் சத்தத்தில் சின்னத்துரை தலையை உள்ளே இழுத்திருந்தார்.

"ஹஜ்ஜுக்குப் போற மனுசன் ஆமைக்கிட்ட என்னத்தக் கேக்கிறீங்க?" என்று லெப்பை பதறினார்.

"இந்தத் தம்பிக்கு இந்த ஊர்ல சொந்தம் ஆருமில்ல. போன முற காச்சல் வந்தப்ப நான் இருந்தேன். இப்ப ஆரு?"

கார்ட் விசில் ஊதினார். பச்சைக்கொடி ஆடியது. "நானா, ஏறுங்கோ! எனக்கு ஒண்டும் வராது!" என்று கத்தினேன். அசையவில்லை. மச்சான் கூடையைத் தட்டினார், லெப்பை ஓதினார், என் அறைத்தோழர் பயத்தையெல்லாம் மறந்து, "தலையை நீட்டப்பா, தலையை நீட்டு!" என்று ஆமையிடம் கெஞ்சினார். ரெயில் அசைந்தது. பல வருஷத்து ஆசை அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது.

அப்போது சின்னத்துரை தலையை நீட்டினார். அவசரமே இல்லாமல் நானாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

"யெஸ் செல்லிட்டார்" என்றார் நானா. அவரை நாலு பேர் தூக்கி ஓடும் பெட்டிக்குள் போட்டோம். பனிக்குள் ஒரு கை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

நானா ஹஜ் முடித்து நலமாகத் திரும்பினார். ஹாஜியார் என்று கூப்பிட ஊர் எவ்வளவோ பாடுபட்டது, வாயில் வரவில்லை. கூடையை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். அவர் எனக்குப் பேரீச்சம்பழம் தந்தார். பிறகு எனக்கு மாற்றம் வந்து யாழ்ப்பாணம் போனேன், கலியாணம் முடித்தேன். பல வருஷம் கழித்து நானா மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் அவருடைய மச்சான் ரெயில் ஏறி வந்து என் வாசலில் நின்றார், கையில் அந்தப் பிரம்புக் கூடை.

இதை எழுதும்போது சின்னத்துரை என் கதிரைக்கு அடியில்தான் கிடக்கிறார். எனக்கு வயதாகிவிட்டது, அடிக்கடி இருமுகிறேன். இருமும்போதெல்லாம் அவர் மெல்லத் தலையை நீட்டி, நான் சுகமாக இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு உள்ளே போகிறார்.