சாத்துக்குடி டாக்டர்

மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்காமலே வைத்தியம் பார்க்கும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. அடையாளம் சுலபம். சாயங்காலமானால் பையில் சாத்துக்குடியோடு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, ஆஸ்பத்திரியில் யார் கிடக்கிறார்களோ அவர்களைப் பார்க்கப் போவார்கள்.

எங்கள் சேலையூரில் அந்தப் பதவி தேவானந்தம் சாருடையது. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு, நோயாளியின் கண்ணிமையை விரலால் இறக்கிப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஒரு பத்தியம் சொல்லி, நீளமாக ஒரு ஜெபமும் செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் ஊர் ரத்தினபாய் டீச்சருக்குத் தலைவலி, வாந்தி, நடந்தால் தள்ளாட்டம். "பித்தம்மா, வேற ஒண்ணுமில்லே. இஞ்சிச் சாறு குடிங்க" என்றார் இவர். இஞ்சி தீர்ந்தது, தலைவலி தீரவில்லை. கடைசியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே இருப்பது படத்தில் தெரிவதற்காக மண்டைக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். மூளையின் நடுவே நீர் தேங்கும் அறைக்குள் ஒரு கட்டி! துணுக்கு எடுத்துச் சோதித்ததில், அது நிணநீர் அணுக்களில் பிறக்கும் புற்று என்றும், அந்த இடத்தில் வருவது மிக அபூர்வம் என்றும் தெரிந்தது. முதலில் வீக்கம் வடிய ஸ்டீராய்டு ஊசி; அடுத்து கட்டியைக் கருக்கக் கதிர்வீச்சு, அதாவது ஊரார் பாஷையில் 'கரண்ட்', வைப்பதாக ஏற்பாடு. சில நாளில் டீச்சர் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்; எங்களுக்கெல்லாம் அழுகையே வந்துவிட்டது.

வந்தார் நம் நிபுணர். டீச்சரின் கணவர் அசரியாவைத் தனியே அழைக்கக்கூட இல்லை. "பாத்தீங்களா அசரியா? கட்டியாவது ஒண்ணாவது! ஆள் நல்லாத்தானே இருக்காங்க? இதுக்கு மேல கரண்ட் வச்சா மூளை வெந்துடும். டிஸ்சார்ஜ் வாங்கிட்டுக் கிளம்புங்க."

பாவம் அசரியா, துணிமணியை எடுத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் தேவானந்தத்தை ஸ்டூலோடு தூக்கி வராந்தாவில் வைத்திருப்பேன். அதற்குள் டீச்சருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் யூனிஸ் வந்துவிட்டார்.

"மருந்து வேகத்துல கட்டி பதுங்கியிருக்கு சார், போயிடலே. கரண்ட் வைக்காம கூட்டிட்டுப் போனா மறுபடி வளரும். அப்புறம் எங்களால காப்பாத்த முடியாது."

அசரியா துணி மூட்டையின் முடிச்சைப் பாதி அவிழ்த்தார். டீச்சர்தான் வாயைத் திறந்தார்: "நான் இருந்து கரண்ட் வச்சுக்கறேன் டாக்டர். டிஸ்சார்ஜை தேவானந்தம் அண்ணாவுக்குக் குடுங்க."

கோடை விடுமுறை முடிந்ததும், முடி கொட்டிய தலையில் துணியைக் கட்டிக்கொண்டு டீச்சர் பள்ளிக்கூடம் போனார். தேவானந்தம் சார் திருந்தினாரா? "கரண்ட்தான் ஒரே வழின்னு நான் அப்பவே சொன்னேன்" என்று கூடுவாஞ்சேரி வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சரி. இதைப் படிக்கும்போது, 'நம்ம மச்சானுக்கும் இதே தலைவலிதான், ஒரு கஷாயத்துல போச்சே' என்று மனசுக்குள் ஓடியதா? ஓடியிருந்தால் ஒரு வேண்டுகோள்: உங்களுக்கு வேண்டியவர்கள் பிழைத்து எழும்வரை, ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள்.