தாராவி எலி, எண் ஏழு

மனித உயிரின்மேல் செம்பூர் உணவு நச்சு ஆய்வு நிலையம் வைத்திருந்த மரியாதையை உலகில் வேறெங்கும் காண முடியாது. அங்கே எலிக்கு மருந்து கொடுக்க ஒரு கையெழுத்துப் போதும். மனிதனுக்கென்றால் பதினொன்று வேண்டும். ஒரு மனிதன் பதினோரு எலிக்குச் சமம் என்று இத்தனை துல்லியமாகக் கண்டுபிடித்த அலுவலகம் இன்னொன்று இருந்தால் சொல்லுங்கள்.

1986-இல் ஒரு வியாழக்கிழமை, இந்தப் பெருமைக்கு நடுவே ஆராய்ச்சி உதவியாளர் ராஜலக்ஷ்மி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காரணம் சலாவுதீன். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த அவர், துபாய் மச்சான் கொண்டுவந்த மீன் டின் ஒன்றைத் திறந்தார். டின் உப்பியிருந்தது. கம்பெனிக்காரன் தாராளமாக அடைத்திருக்கிறான் என்று மகிழ்ந்து, ஒற்றை ஆளாகவே காலி செய்தார். மறுநாள் இமை தொங்கியது, பேச்சு குழறியது, தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. மூச்சும் எந்த நேரமும் நிற்கலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். கெட்ட டின்னில் ஊறும் அந்த நஞ்சை முறிக்கும் மருந்து இந்த நிலையத்தின் குளிர்பெட்டியில்தான் இருந்தது.

அவருடைய ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து ராஜலக்ஷ்மி இரண்டு வெள்ளெலிகளுக்குப் போட்டாள். முறிமருந்தும் சேர்த்துப் போட்ட எலி கடலை கொறித்தது. போடாத எலி இடுப்பு ஒடுங்க மூச்சு வாங்கிச் செத்தது. பாட்டுலிசம் என்னும் டின் உணவு நச்சு நோய்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் வயிற்றிலிருந்த கிருமியை முட்டைக்கருத் தட்டில் வளர்த்தபோதுதான் வம்பு வந்தது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டுலினம் கிருமி அந்தத் தட்டில் முத்துப்போல மின்னும். இது மின்னவில்லை. வேறு இனத்துக் கிருமியும் அபூர்வமாக அதே நஞ்சைச் சுரப்பதுண்டு, வெளிநாட்டில் ஒன்றிரண்டு அகப்பட்டிருக்கின்றன என்று அவள் படித்திருந்தாள். மனிதனுக்கான மருந்துப் படிவம் அதைப் படித்திருக்கவில்லை. அதன் நான்காம் கேள்வி, "மின்னியதா?" என்பது.

இயக்குநர் சுந்தரராமன் மாதுங்காக்காரர். விதிப்புத்தகத்தில் கமா எங்கே வருகிறது என்பதுவரை அறிந்தவர்.

"மின்னலைன்னா அது பாட்டுலினம் இல்லை. பாட்டுலினம் இல்லைன்னா அவருக்கு பாட்டுலிசமும் இல்லை" என்றார்.

"எலி செத்துப்போச்சே சார்."

"எலிக்கு என்ன ரூல் தெரியும்?"

உடனே "உயர்மட்ட அவசரக் கூட்டம்" ஒன்று கூடியது. மூன்று மணி நேர விவாதம், இரண்டு சுற்று படாட்டா வடை. முடிவில், மின்னுவதற்குக் கிருமிக்கு மூன்று வாரம் அவகாசம் கொடுப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். சலாவுதீனுக்கு அத்தனை அவகாசம் உண்டா என்று ராஜலக்ஷ்மி கேட்டது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெளியே வந்தால், சலாவுதீனின் மனைவி மெஹராஜ் கூண்டுக்குள் கடலை தின்னும் எலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு மட்டும் மருந்து எப்படிம்மா கெடச்சுது?"

எலிக்கு டைரக்டர் கையெழுத்து ஒன்றே போதும் என்று ராஜலக்ஷ்மி சொன்னாள்.

மெஹராஜ் கொஞ்சம் யோசித்தாள். "அப்பம் அவியளையும் எலின்னே எழுதிருங்க. கோவப்பட மாட்டாவ."

தெரிந்தால் வேலை போய்விடும். ராஜலக்ஷ்மி எலிப் படிவம் ஒன்றை எடுத்தாள். எழுதினாள்: எலி எண் ஏழு. ஆண். எடை அறுபத்திரண்டு கிலோ. தேவை, முழுக் குப்பி.

பேனாவைத் திறந்த சுந்தரராமன் நிறுத்தினார். "அறுபத்திரண்டு கிலோவா?"

"தாராவி எலி சார்."

"அப்போ இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார்.

மருந்து அன்று மாலையே சலாவுதீனுக்கு ஏறியது. மூச்சு நிற்கவில்லை. இமை மேலேற ஒரு மாதம் பிடித்தது. அதற்குள் கிருமிக்கு இரண்டாம் முறை அவகாசம் நீட்டப்பட்டிருந்தது.

ஆறாவது வாரம், தானே தைத்த தோல் பையோடு சலாவுதீன் நன்றி சொல்ல வந்தார். அன்றைக்குப் பார்த்து சுந்தரராமன் ராஜலக்ஷ்மியின் மேஜையில் எலிப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஏழாம் எண் பிழைத்ததாக இருந்தது. பிழைத்த எலி எங்கே என்ற கட்டம் காலியாக இருந்தது.

"அந்தத் தாராவி எலி எங்கே ராஜலக்ஷ்மி?"

அவள் பதிவேட்டை மூடக் கை நீட்டினாள். எலியென்று எழுதியதை மெஹராஜ் சொல்லியிருந்தாலும், அது ரகசியம் என்று அறியாத சலாவுதீன் மலர்ந்த முகத்தோடு முன்னால் வந்தார். "நாந்தான் சாப் அது."

சுந்தரராமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க மனுஷரா? அப்போ பதினோரு கையெழுத்து எங்கே? இவா உத்யோகத்துக்கே ஆபத்தாச்சே."

ராஜலக்ஷ்மியின் முகம் வெளுத்துவிட்டது. சலாவுதீன் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு பையை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

"இல்ல சாப். எலிதான்."

சுந்தரராமனுக்கு அப்பாடா என்றிருந்தது. காலிக் கட்டத்தில் "நேரில் ஆஜர்" என்று எழுதி, ஒரே கையெழுத்தில் காரியத்தை முடித்தார்.