ஊதாக்காவின் விரல்

ஆயர் ஈத்தாம் சந்தையில் ஒரு தள்ளுவண்டிக்காரர் சட்டியைத் திறக்கிறார். ஆவி எழும்புகிறது, ஈரமண்ணும் வெல்லமும் ஒன்றாக வெந்தது போல ஒரு மணம். காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிடுகிறேன். பின்னால் வந்தவர் என்மேல் இடித்து, அதற்கும் அவரே சாரி சொல்லிவிட்டுப் போகிறார்.

ஊதாக்காவின் கிழங்கைத் தின்னாமல் எங்கள் அடுக்குமாடியில் எந்த உயிரும் ஒரு வாரம் தாண்டியதில்லை. பூனைகளும் தப்பவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்க வந்த ஆள்கூட, லிஃப்ட் சரியாகும் முன்பே தன் வயிறு சரியாகித்தான் திரும்பிப் போனார்.

இயற்பெயர் யாருக்கும் தெரியாது. ஊதா நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வளர்ப்பார், அவிப்பார், தின்பார், தின்ன வைப்பார், ஆகவே ஊதாக்கா. நாலாவது மாடியில் அவர் வீடு, அதற்கு நேர் கீழே என்னுடையது. பெயின்ட் வாளி, உடைந்த குளியல் தொட்டி, செத்துப்போன வாஷிங் மெஷினின் உருளை, எல்லாவற்றிலும் மண். கொடியை ஒடித்துச் சாய்த்து நட்டு, "போ" என்பார். அது போகும். கைப்பிடிச் சுவரைத் தாண்டி, என் ஜன்னலை மறைத்து, இரண்டாம் மாடியின் துணிக்கொடி வரைக்கும் போகும். அங்கே குடியிருந்த சீனத்து ஆன்ட்டி, துணி காயப்போட வரும்போதெல்லாம் இலையைக் கிள்ளிப் பெலாச்சான் என்கிற இறால் விழுது போட்டு வதக்கிவிடுவார். மேலே கிழங்கு, கீழே கீரை. நடுவில் நான், பச்சை வெளிச்சத்தில், மீன்தொட்டிக்குள் குடியிருப்பவனைப் போல.

கிளினிக்கில் ஊதாக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்ன நாளில் தொடங்கியதாம் இந்தப் பக்தி. "இனிக்கிற கிழங்கு சர்க்கரைக்காரங்களுக்கு ஆகுமாக்கா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அளவாத் தின்னா ஆகும் தம்பி. சோத்துக்குப் பதிலாத் தின்னணும், சோத்தோட சேத்து இல்ல. அந்த ஊதா இருக்கே, அதுலதான் சத்து. நாரு வேற. வயிறு ஆபீசுக்குப் போறவன் மாதிரி டைமுக்கு வேல செய்யும் லா."

வேலை செய்கிறதா என்று விசாரிக்கவும் செய்வார். அதுதான் தொல்லை. காலையில் லிஃப்ட் நிறைய ஆட்கள், கதவு மூடப்போகும், குறுக்கே ஒரு கை நுழையும்.

"தம்பி, போச்சா?"

"போச்சுக்கா."

"நல்லா?"

லிஃப்டில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களும் என்னைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைப்பார்கள்.

ஊதாப் புட்டு, ஊதா ஆப்பம், தீபாவளிக்கு ஊதா முறுக்கு. கருகிவிட்டது என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனவர்கள் ஆளுக்கொரு பொட்டலத்தோடு திரும்பினார்கள். எனக்குத் தொழிற்சாலை வேலை போய், பாக்கெட் மீ நூடுல்ஸும் தண்ணீருமாகக் கிடந்த மாதங்களில், என் இரும்புக் கதவில் தினமும் ஒரு பை தொங்கும், வெதுவெதுப்பாக. கதவைத் தட்டமாட்டார். வேலை எப்படிப் போனது, அடுத்து என்ன செய்யப் போகிறாய், எதுவும் கேட்கமாட்டார். வழக்கமான அந்த "போச்சா" மட்டும்தான். அந்த நாட்களில் என் உடம்பில் ஓடியது ரத்தமில்லை, ஊதா.

எல்லோரிடமும் "போச்சா" கேட்கிற அவரிடம், தேர்தல் வந்தால் மட்டும் யாரும் எதுவும் கேட்டு வரமாட்டார்கள். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் வீட்டிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா பிறப்பைப் பதியவில்லை. அதனால் காலமெல்லாம் சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐ.சி. இங்கே வசிக்கலாம், ஓட்டுப் போட முடியாது. மனுமேல் மனு போட்டு, தலை முழுக்க நரைத்த பிறகு ஒருநாள் நீல ஐ.சி. வந்தது, குடிமகள் ஆனார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையின்றிப் படியிறங்கி வந்து என் முகத்துக்கு நேரே அதை நீட்டினார்.

"செவப்பா இருந்தேன், நீலமாயிட்டேன். ரெண்டையும் கலந்தா என்னா கலரு, சொல்லு?"

தேர்தல் வந்தது. அவருடைய முதல் ஓட்டு. விடிவதற்குள் தொட்டிகளைக் கவிழ்த்து, வரிசையில் நிற்கப்போகும் அத்தனை பேருக்கும் கிழங்கு உரித்து அவித்துக் கொண்டுவந்துவிட்டார். எந்தக் கட்சி என்று யாரையும் கேட்கவில்லை.

வாக்குச்சாவடியில் எனக்கு முன்னால் அவர். இளம் அதிகாரி ஒரு பெயரை உரக்கப் படித்தார். யாரது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். ஊதாக்காவே கொஞ்சம் தாமதமாகத்தான் கையைத் தூக்கினார். தூக்கிய கையைப் பார்த்ததும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். ஓட்டுப் போட்டவர்களின் ஒரு விரலில் தடவுகிற மை, அதே நிறத்தில், இவருக்குப் பத்து விரலிலும் இருந்தது.

"மக்சிக் ஏற்கெனவே போட்டாச்சு போல," என்றார் மலாயில், அத்தை என்று அழைக்கும் மரியாதையோடு.

"மை இல்ல லா, கெலெடெக்," என்று கிழங்கின் மலாய்ப் பெயரைச் சொல்லி, விரலை அவர் மூக்கருகே நீட்டினார் ஊதாக்கா. அவர் முகர்ந்தும் பார்த்தார். நல்ல பையன். ஆனாலும் கறை பட்ட விரலுக்குச் சீட்டுத் தர முடியாது, கழுவிவிட்டு வரட்டும் என்று எங்களோடு குழாயடி வரை வந்தார்.

ஊதாக்கா சோப்புப் போட்டுத் தேய்த்தார். ஊதா போகவில்லை, பச்சை கலந்த நீலமாயிற்று. இப்போது அது தேர்தல் மையைவிடத் தேர்தல் மையாக இருந்தது.

"தேய்க்காதீங்கக்கா."

"இவ்ளோ காலம் செவப்பு ஐ.சி.ன்னு அனுப்புனாங்க. இப்ப ஊதா வெரலுன்னு அனுப்புறாங்க தம்பி."

லிஃப்டையே நிறுத்தும் அந்தக் கையை மறுபடியும் குழாயடியில் நீட்டித் தேய்த்தார்.

வெளி வரிசையில் நின்ற சீனத்து ஆன்ட்டிக்குப் பொறுக்கவில்லை. "குடி, குடி" என்று தன் கையிலிருந்த எலுமிச்சைத் தண்ணீர்ப் பையை நீட்டினார். வாங்கிய சோப்புக் கையில் பை வழுக்கிச் சரிந்தது. தண்ணீர் வழிந்த விரலெல்லாம் இளஞ்சிவப்பு.

அதிகாரி குனிந்து பார்த்தார். "இன்னொரு விரல்," என்றார். எலுமிச்சைத் தண்ணீர் பட்டதும் அதுவும் சிவந்தது. அடுத்ததும். வரிசையே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"மை இப்படி வெட்கப்படாது," என்று சிரித்துவிட்டு, உள்ளே வரச் சொன்னார்.

ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர், ரோஜா நிற விரல்களுக்கு நடுவே மை தடவிக் கறுத்த ஒரேயொரு விரலைத் தூக்கிப் பிடித்தபடி வீடு வரை நடந்தார். அந்த மை அழியும்வரை மற்ற விரல்களால்தான் கொடி நட்டார்.

போன வருஷம் நிபோங் திபாலில் இருக்கும் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். அங்கே வீட்டைச் சுற்றி நிஜமான தரை இருக்கிறதாம். சாமான் ஏற்றிய லோரி உறுமிக்கொண்டு நின்றது. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தவரிடம் நான் என்னென்னவோ சொல்ல நினைத்து, கடைசியில், "அங்க போனதும் ஐ.சி.யில அட்ரஸ மாத்திடுங்கக்கா," என்றேன்.

"மாத்தமாட்டேன் லா. ஓட்டு இங்கயே கெடக்கட்டும். அதப் போட வர்ற சாக்குல ஒன்ன ஒரு தடவ பாத்துட்டுப் போவேன்ல."