ரெட்டை டர்போச் சீர்

மச்சான் லாரியின் புகையை இனி ஒரு மிடறுகூடக் குடிப்பதில்லை என்று உடையப்பன் சபதம் செய்துவிட்டார். செய்த இடம், நத்தம் தாண்டி ஓர் ஏற்றத்தின் பாதி வழி. செய்த நேரம், முதல் கியரில் அவருடைய பழைய லாரி முக்கி முனகிக்கொண்டிருந்த நேரம். முன்னால் போய்க்கொண்டிருந்தது அவர் மனைவி சிகப்பியின் அண்ணன் சேவுகனுடைய புது லாரி. போய்க்கொண்டிருந்தது என்பதுகூடத் தப்பு. போயே போய்விட்டது. புகை மட்டும்தான் மிச்சம்.

இரண்டு வண்டியிலும் ஆத்தங்குடித் தரைக்கல்தான் பாரம். ஆனால் சேவுகன் வண்டி கம்பெனியிலிருந்து வரும்போதே டர்போவோடு வந்த வண்டி. டர்போ என்றால் வேறொன்றுமில்லை. வெளியே போகிற புகையாலேயே ஒரு காற்றாடியைச் சுற்றவிட்டு, எஞ்சின் வாயில் காற்றைத் திணித்துத் திணித்து ஊட்டுகிற சாமான். பார்க்க நத்தை மாதிரி இருக்கும். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழில் டர்போ வண்டி வைத்திருந்தவருக்குக் கல்யாண வீட்டில் தனி மரியாதை. சேவுகன் அந்த மரியாதையைச் சும்மா வாங்கிக்கொண்டு போகிற ஆளில்லை. பந்தியில் உட்கார்ந்ததும், அப்பளம் நொறுங்கும் முன்னால் ஆரம்பித்துவிடுவார்.

"என்ன மாப்பிள்ளை, நேத்து ஏத்தத்துல ஒங்களைக் காணோமே? வண்டியை விட்டு எறங்கித் தள்ளிக்கிட்டு வந்தீகளா?"

பந்தியே சிரிக்கும். பரிமாறுகிறவன்கூடச் சாம்பாரை வைத்துவிட்டுச் சிரித்துவிட்டுப் போவான். வட்டிக்கடைப் பரம்பரையில் பிறந்தவன் ஸ்டீயரிங் பிடிக்கலாமா என்று ஊரே கேட்டபோது அசராத மனிதர் உடையப்பன். இந்தச் சிரிப்பு மட்டும் அவருக்குத் தாங்கவில்லை. அந்த ஏற்றத்தில் ஒரே ஒரு தடவை மச்சானை முந்த வேண்டும். அப்புறம் செத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தார்.

நேராகத் தேவகோட்டை ரஸ்தாவுக்குப் போனார். அங்கே அந்தோணி பிரபு என்றொரு மெக்கானிக் பட்டறை வைத்திருந்தான். கையில் ஸ்பானர் இருக்கிறதோ இல்லையோ, வாயில் வார்த்தைக்குக் குறைவிருக்காது.

"மச்சான் வண்டியில டர்போ ஒண்ணு. என் வண்டியில ரெண்டு மாட்டு" என்றார் உடையப்பன்.

"ரெண்டா! அண்ணே, ரெண்டுன்னா அதுலேயே ரெண்டு வகை இருக்கு. ஆறு சிலிண்டரை மூணு மூணாப் பிரிச்சு, ஒரே சைசுல ஆளுக்கு ஒண்ணு மாட்டலாம். ரெட்டைப் பிள்ளை மாதிரி லட்சணமா இருக்கும். இல்லேன்னா சின்னது ஒண்ணு, பெரிசு ஒண்ணு. வண்டி திணர்றப்ப சின்னது முழிச்சுக்கும். வேகம் எடுத்ததும் பெரிசு கை குடுக்கும்."

"எது நல்லது?"

"ரெண்டுமே நல்லதுதாண்ணே. ரெண்டையுமே நான் இதுவரைக்கும் மாட்டினதில்லே."

இப்படி ஒரு நேர்மையான மெக்கானிக்கை எங்கே தேடுவது? உடையப்பனுக்குப் பரம திருப்தி. பாக்கி இருந்தது ஒரே ஒரு அனுமதிதான். அது சிகப்பியின் அனுமதி. லாரிச் சாவி உடையப்பன் பையில் இருந்தாலும் பீரோச் சாவி சிகப்பி இடுப்பில்தான் இருந்தது.

முதலில் நேர்வழியில் கேட்டுப் பார்த்தார். சிகப்பி அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடுப்பு ஊத ஊதாங்குழல் ஒண்ணு போதாதா? ரெண்டு வச்சு ஊதினா சாம்பல் மூஞ்சியிலதான் அடிக்கும்" என்றாள்.

"இது அடுப்பு இல்லே சிகப்பி, எஞ்சினு!"

"எதுவா இருந்தா என்ன? காத்து கூடினா சூடு கூடும். சட்டி தாங்குமான்னு கேட்டீகளா?"

"பிஸ்டன் எல்லாம் புதுசா மாத்திரலாம்னு சொல்றான்."

"அப்ப சட்டி தாங்கும். ஒங்க ரெண்டு பேர் புத்தியும் தாங்குமா? அந்த ஏத்தத்துல நீங்களும் அண்ணனும் ஒருத்தரை ஒருத்தர் முந்துறேன்னு கெளம்பி, என் பொறந்த வீடும் புகுந்த வீடும் ஒண்ணாப் பள்ளத்துல கெடக்கணுமா? எனக்கு ராத்திரியெல்லாம் ஈரக்கொலை நடுங்குது. முடியாது."

முடியாது என்றால் அந்த வீட்டில் முடியாதுதான். ஆனால் உடையப்பன் அசருகிற ஆளா? யோசித்தார். அவருக்கு ஒரு யோசனை வந்தது. அதை நினைத்து அவரே அவர் முதுகைத் தட்டிக்கொள்ளப் பார்த்தார், கை எட்டவில்லை.

சிகப்பியைத் திட்டலாம், பொறுத்துக்கொள்வாள். அவள் குழம்பைக்கூடக் குறை சொல்லலாம், மறுநாள் குழம்பே இல்லாமல் பழிவாங்கிவிட்டு மறந்துவிடுவாள். ஆனால் பிறந்த வீட்டை ஒரு வார்த்தை சொன்னால் போச்சு. அந்த நரம்பைத்தான் உடையப்பன் மறுநாள் மீட்டினார்.

"நீ சொன்னதுதான் சரி சிகப்பி. டர்போ எல்லாம் சுத்த ஏமாத்து. ஒங்க அண்ணன் எப்படித்தான் இதுல போய் விழுந்தாகளோ!"

அரிவாள்மனை நின்றது.

"எங்க அண்ணன் ஏமாந்துட்டாகளா?"

"நான் சொல்லலே. ஊரு சொல்லுது."

"எந்த ஊரு?"

"பள்ளத்தூரு."

"பள்ளத்தூர்ல யாரு?"

"பொதுவா... எல்லாரும்தான். பஸ் ஸ்டாண்டுல பேசிக்கிட்டாக."

நேற்றுவரை டர்போ, டர்போ என்று உயிரை வாங்கிய மனிதர் இன்றைக்கு அதையே திட்டினால் ஒரு பெண்டாட்டிக்குச் சந்தேகம் வராதா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உடையப்பன்தான் அதைத் தம்மிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

சிகப்பி கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அப்படியா சேதி! அப்ப நம்ம வண்டியிலேயும் டர்போ மாட்டுங்க. ஒண்ணு இல்லே, ரெண்டு மாட்டுங்க. எங்க அண்ணன் ஏமாந்தாகளா இல்லையான்னு பள்ளத்தூரு பாக்கட்டும்!"

ரெண்டு! அவளே சொல்லிவிட்டாள்! உடையப்பனுக்கு உள்ளே வாணவேடிக்கை நடந்தது. முகத்தை மட்டும் விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி வைத்துக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம் சிகப்பி. நான் பழைய எஞ்சினோட கெடந்துட்டுப் போறேன்."

"அந்தப் பேச்சே கூடாது. ஆமா, ரெண்டும் ஒரே சைசா, வேற வேறயா?"

உடையப்பன் இரண்டு வகையையும் விளக்கினார். ஒரே சைசில் இரண்டு இருந்தால் மூடியைத் திறந்து காட்ட அழகாக இருக்கும் என்பது அவர் கட்சி.

"ஏத்தத்துல வண்டி ஆமை மாதிரித்தானே போகும்? அப்ப எது சீக்கிரம் முழிக்குதோ அதுதானே ஒதவும்?" என்றாள் சிகப்பி. "இந்த வீட்டுல முதல்ல முழிக்கிறது நான். வெயில் ஏறின பெறகு முழிக்கிற ஒங்களை நம்பியா உலை கொதிக்குது? சின்னது ஒண்ணு, பெரிசு ஒண்ணு வைக்கச் சொல்லுங்க."

மறுநாள் பட்டறையில் இதையே தம் சொந்த முடிவாக உடையப்பன் அறிவித்தார். "அண்ணே, மூளை அண்ணே ஒங்களுக்கு!" என்றான் அந்தோணி பிரபு. உடையப்பன் அடக்கமாக ஏற்றுக்கொண்டார்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்ட ஆரம்பித்தது. "இது எங்க அண்ணன் மானப் பிரச்சினை. அதனால டர்போ ரெண்டையும் அவுகளே தீபாவளிச் சீரா அனுப்பட்டும்" என்று சொல்லி, சிகப்பி அண்ணன் இருக்கிற கோட்டையூருக்கு டவுன் பஸ் ஏறிவிட்டாள்.

தீபாவளிக்குச் சீர் வந்தது. வெள்ளித் தட்டுகளில் வாழைப்பழம், தேங்காய், பட்டுச்சேலை, வேட்டி. அதற்குப் பக்கத்தில், ஆளுக்கொரு தட்டில், மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, சின்ன டர்போ ஒன்று, பெரிய டர்போ ஒன்று. நகை பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆச்சிமார் இரண்டையும் தூக்கிப் பார்த்து, நல்ல கனம் என்றார்கள். இடியாப்ப உரலா என்று ஒருத்தி கேட்டாள்.

சேவுகனே நேரில் வந்திருந்தார். "நல்லா ஓட்டுங்க மாப்பிள்ளை" என்று வாய் நிறையச் சிரித்தார். உடையப்பனுக்குப் பாவமாகக்கூட இருந்தது. தம்மை முந்தப்போகிற சாமானைத் தாமே தட்டில் வைத்துத் தூக்கிவந்த மனிதரை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்? அன்றைக்கு மச்சானுக்கு இலையில் பணியாரம் கூடுதலாக வைக்கச் சொன்னார்.

அதற்கப்புறம் உடையப்பன் வீட்டுக்கு வந்ததே சோற்றுக்குத்தான். மற்ற நேரமெல்லாம் பட்டறையில் எஞ்சின் மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். பிஸ்டன் மாறியது. ஆயில் குழாய் வந்தது. முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது கேட்ட விசிலுக்கு எதிர்ச் சாரியில் நின்ற பஸ் தவறாகக் கிளம்பிப் போய்விட்டது என்று அந்தோணி பிரபு இன்றைக்கும் சத்தியம் செய்வான்.

பிள்ளையார்பட்டியில் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முதல் நடை கிளம்பியது. "சீர் வச்ச வண்டி. முத நடைக்கு நானும் வாரேன்" என்று சிகப்பி பட்டுச்சேலையோடு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். சேவுகன் அன்றைக்குத்தான் பாரம் ஏற்றுகிறார் என்று உடையப்பன் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார்.

நத்தம் தாண்டியது. ஏற்றம் வந்தது. முன்னால் மச்சான் வண்டி.

உடையப்பன் மிதித்தார். சின்னது முழித்துக்கொண்டது. 'ஊய்ய்ய்' என்று ஒரு விசில். வண்டி முனகவில்லை, திணறவில்லை. கொஞ்ச தூரத்தில் பெரிசும் சேர்ந்துகொண்டது. பாரம் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்று உடையப்பனுக்கே சந்தேகம். ரோடு அகலமான இடத்தில் ஹாரனை அமுக்கி, மச்சானுக்குப் பக்கத்தில் வந்து, மீசையை ஒரு முறுக்கு முறுக்கி, முந்தினார். முந்தியே விட்டார்! மனிதருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தியா சிகப்பி, பாத்தியா!"

"பாத்தேன், பாத்தேன். ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

உச்சியில் டீக்கடை. வண்டியை ஓரங்கட்டி இறங்கி, காலைப் பரப்பி நின்றுகொண்டு, தோற்ற முகத்தைப் பார்க்கக் காத்திருந்தார் உடையப்பன். சேவுகன் வண்டி வந்து பின்னால் நின்றது. சேவுகன் இறங்கினார். முகத்தில் தோல்வியைக் காணோம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"மாப்பிள்ளை! மனசு நெறைஞ்சு போச்சு. நீங்க முந்தினதுலேருந்து படிச்சுக்கிட்டே வந்தேன். எம்புட்டுப் பெரிய எழுத்து!"

"எதைப் படிச்சீக?"

சேவுகன் அவர் கையைப் பிடித்துப் பின்பக்கம் அழைத்துப் போனார். லாரியின் பின்பலகையில் மஞ்சள் பெயின்ட். அதில் ரத்தச் சிவப்பில், குருடனுக்கும் தெரிகிற எழுத்தில்:

'இவ்வண்டியின் இரட்டை டர்போ உபயம்: கோட்டையூர் சேவுகன். தங்கை சிகப்பிக்குத் தீபாவளிச் சீர்.'

உடையப்பன் இரண்டு தடவை படித்தார். சிகப்பி டீ கிளாசோடு நிதானமாக வந்தாள்.

"என்ன இது?" என்று அவளிடம் பாய்ந்தார் உடையப்பன்.

"பெயின்டர் எழுதிப் பல நாளாச்சு. நீங்கதான் தலையை முன்னாடி விட்டுக்கிட்டு இந்தப் பக்கமே வரலே."

"இதை எவன் எழுதச் சொன்னது? இப்பவே அழிக்கிறேன்!"

"சீர்ல போட்ட பேரை அழிப்பாகளா? நம்ம வீட்டு அண்டா, குண்டான் எல்லாத்துலேயும் எங்க வீட்டுப் பேருதான் பொறிச்சிருக்கு. ஒங்க தூக்குச்சட்டியிலேயும் பொறிச்சிருக்கு. இத்தனை வருஷமா அதுலதானே சாப்பிடுறீக?"

"அதுக்கு இப்படிப் பின்னாடியா எழுதுவாக?"

"முன்னாடி எழுதினா அண்ணன் எப்படிப் படிப்பாக?" என்றாள் சிகப்பி. "நீங்கதான் அவுகளை முந்தப் போறீகளே!"

டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் கிளாசோடு எழுந்து வந்து பலகையைப் படித்தார்கள். ஒருத்தர் சத்தம் போட்டே படித்தார். உடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். சிகப்பியும் ஏறினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சேவுகன் ஜன்னலுக்கு வந்தார். "கெளம்புவோமா மாப்பிள்ளை? நீங்க முன்னாடி போங்க. நான் இன்னொரு தடவை படிச்சுக்கிட்டே வாரேன்."

வண்டி உறுமியது. சின்ன டர்போவும் தயார், பெரிய டர்போவும் தயார்.

"இல்லே மச்சான்" என்றார் உடையப்பன். "நீங்க முன்னாடி போங்க."