தங்கள் தங்கை இளைத்துப்போன விஷயம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12-8-1934

கிள்ளானில் வசிக்கும் மகாகனம் பொருந்திய மைத்துனர் இராமலிங்கம் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை காமாட்சியின் கணவன் ராமசுப்பிரமணியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் ஒருவன் நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கு தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகன் துணை.

விஷயம் தங்கள் தங்கையைப் பற்றியது. இரண்டு வருஷமாக அவள் உடம்பு ஊதிக்கொண்டே போனது தாங்கள் அறிந்ததே. இந்த ஊர் வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், குரல் கரகரத்துப்போனது, சீப்பில் முடி கத்தையாக வந்தது, பகலெல்லாம் தூக்கம். திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று ஊரார் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவள் ஒரு கைப்பிடிச் சோறுதான் தின்றாள் என்பது எனக்குத் தெரியும், இருந்தும் சொன்னேன். மறைப்பானேன், அந்த நாட்களில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ் தராசில் நான் நூற்றுத் தொண்ணூறு ராத்தல், ஆனால் அவள் பக்கத்தில் நின்றால் என்னை யாரும் குண்டன் என்று சொன்னதில்லை.

இப்படி இருக்கையில் எங்கள் தெருவில் டாக்டர் விஜயன் என்று ஒருவர் வைத்தியசாலை திறந்தார். காமாட்சியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, அங்கே தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது, தின்றதை எரிப்பது அதில் ஊறும் ரசம்தான், இவளுக்கு அது தூங்கிவிட்டது, இவள் மேல் தப்பில்லை என்றார். தினம் ஒரு மாத்திரை கொடுத்தார். நெய்யையும் டின் பாலையும் நிறுத்தி, சோற்றைக் குறைத்து, கீரையும் பயறும் சேர்க்கச் சொன்னார். நாலு மாசத்தில் முப்பத்தெட்டு ராத்தல் குறைந்தது மச்சான். முடி வளருது. காலையில எழுந்து பங்சார் மேடு வரைக்கும் நடந்துட்டு வர்றா. வாய் திறந்தா டாக்டர் இப்படிச் சொன்னார், டாக்டர் அப்படிச் சொன்னார். ஒன்பது வருஷம் நான் சொன்னதை ஒரு நாளும் அவள் அப்படித் திருப்பிச் சொன்னதில்லை. போன மாசம் புதுசாக் கீரை விற்க வந்தவ என்னைக் காட்டி அவகிட்ட, "உங்க அப்பாவுக்கும் ஒரு கட்டு எடுக்கிறதாம்மா?" என்று கேட்டாள். தங்கள் தங்கை திருத்தாமல் ரெண்டு கட்டு வாங்கினாள்.

அன்றே முடிவு செய்தேன். எனக்கும் வீட்டில் அதே கீரை, அதே பயறு, ஒரு ராத்தல் குறையவில்லை. ஸ்டேஷன் வாசலில் நான் தின்னும் வடை காற்று மாதிரி, அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆகவே என் சுரப்பியும் தூங்குகிறது என்று தீர்மானித்து, அவள் புட்டியிலிருந்து தினம் ரெண்டு மாத்திரை எடுத்து விழுங்கினேன். பதினைந்து நாளில் ஏழு ராத்தல் போச்சு. அதோடு தூக்கமும் போச்சு. ரப்பர் முத்திரையைக் கையில் எடுத்தால் கை ஆடுது, நெஞ்சு கூட்ஸ் வண்டி மாதிரி ஓடுது, கடைசியில் தராசு மேலேயே மயங்கி விழுந்தேன். கூட வேலை செய்யும் பக்கிரிசாமி ரிக்‌ஷாவில் போட்டு அந்த விஜயனிடமே கொண்டுபோனான்.

"உங்க சுரப்பி நல்லா வேலை செய்யுது சார்," என்றார் டாக்டர் என் கழுத்தை விட்டுவிட்டு. "கோளாறு அதுக்குக் கொஞ்சம் மேலே, வாயில இருக்கு. அந்த ரசம் ஊறாதவங்களுக்கு இந்த மருந்து அதை நிரப்பும். ஊறுறவங்க தின்னா முதல்ல இதயத்தைத்தான் இளைக்க வைக்கும். இன்னும் பத்து நாள் போயிருந்தா உங்களை இங்கே கொண்டுவந்திருக்க மாட்டாங்க."

அத்தோடு விட்டாரா? அந்த மாத்திரை ஆட்டின் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்துச் செய்வது என்றும் சொன்னார். மூன்று தலைமுறையாக முட்டை தொடாத குடும்பம் மச்சான் என்னுடையது. வீட்டுக்கு வந்து காமாட்சியிடம் கத்தினேன்.

"டாக்டர் முதல் நாளே சொல்லிட்டார்," என்றாள். "நான் மருந்துன்னு தின்னேன். நீங்க என்னன்னு தின்னீங்க?"

புட்டி காலி. புதுசு சிங்கப்பூரிலிருந்து வர வேண்டுமாம். தாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தங்கள் தங்கைக்குப் புத்தி சொல்ல வேண்டும். குணமானது போதும், அந்த டாக்டர் பேச்சைக் குறைக்கட்டும், ஒரு பத்து ராத்தலாவது திரும்ப ஏறட்டும். ஒரு வீட்டில் ஒருத்தர் மட்டும் இளைப்பது குடும்பத்துக்கு அழகல்ல.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் குடும்பம் செழித்துப் பெருகட்டும், உடம்பால் அல்ல.

இப்படிக்கு,
ராமசுப்பிரமணியன்

பி.கு.: இதை எழுதி மேசைக்குள் போட்டு இருபத்தைந்து நாளாகிறது. சிங்கப்பூர் மருந்து இன்னும் வரவில்லை. காமாட்சி மறுபடி கம்பளி போர்த்த ஆரம்பித்துவிட்டாள். நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, சாதத்தில் கை வைத்தபடி தூங்கிப்போனாள். எழுப்பினேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை மச்சான். திட்டியிருந்தால் தேவலை. கிள்ளானில் எந்த மருந்துக்கடையில் கிடைத்தாலும் ஒரு புட்டி வாங்கிக்கொண்டு முதல் ரயிலில் வாருங்கள். புத்தி ஒன்றும் சொல்ல வேண்டாம். புட்டியை என் கையில் கொடுக்காமல் அவள் கையில் கொடுங்கள்.