பிஸ்கட் டப்பாவில் ஒட்டிய சொல்

ஒரே மாதத்தில் ஆங்கிலத்தை மடக்கிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

காரணம் ஒரு ஜன்னல். தண்ணீர் மோட்டார் தயாரிக்கிற கம்பெனியில், புகார்ப் பிரிவில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து மேஜையில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அது விடுகிற சூட்டில் என் இடது காது மட்டும் சிவந்து நிறம் மாறிவிட்டது. மாடியில் கடிதப் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறப் போகிறார். அவர் மேஜை ஜன்னலோரம். வெளியே ஒரு மரம்கூட இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலிக்கு வருகிறவர் கனமான ஆங்கிலத்தில் கடிதம் எழுதவேண்டுமாம். ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்து நேர்முகத் தேர்வு நடத்துவார் என்று சுற்றறிக்கை வந்தது.

அன்று மாலையே ஒரு புத்தகம் வாங்கினேன். அதில் ஒரு சூட்சுமம் போட்டிருந்தது. கஷ்டமான சொல்லைத் தெரிந்த முகம் ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டுமாம். அந்த முகம் நமக்குக் கொஞ்சம் எரிச்சல் ஊட்டினால் சொல் இன்னும் ஆழமாகப் பதியுமாம்.

எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் ஒன்றுதான்.

'கேரலஸ்' என்றால் வளவளவென்று பேசுகிறவர். என் மனைவி தன் தங்கையோடு போனில் பேசுவதை நினைத்தேன். சொல் பசை போட்டு ஒட்டியதுபோல் நின்றது. 'பார்சிமோனியஸ்' என்றால் கஞ்சம். தேநீரோடு ஒரே ஒரு பிஸ்கட் எண்ணி வைப்பாள். 'பெலிஜரன்ட்' என்றால் சண்டைக்கு நிற்கிறவர். குப்பைக் கூடையை நான் மறந்துவிட்டுக் கிளம்புகிற காலைகளில் வாசல் கதவருகே அவள் நிற்கிற கோலம் போதும். ஒவ்வொரு சொல்லையும் சீட்டில் எழுதி அந்தந்த இடத்தில் ஒட்டினேன். போன் மேல் ஒன்று, பிஸ்கட் டப்பாவில் ஒன்று, வாசல் கதவின் உள்பக்கம் ஒன்று. எதிர்ச்சொற்களுக்கு என்னை வைத்துக்கொண்டேன். பெருந்தன்மைக்காரர் என்று பொருள்படும் 'மேக்னானிமஸ்', நான் முகம் கழுவுகிற கண்ணாடியின் அடியில் இடம் பிடித்தது.

என் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். மாத்திரை அட்டையில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கிற எழுத்தையும் கண்ணாடி போடாமல் படிப்பாள். வேலை முடிந்து வந்தவள் நேராகப் பிஸ்கட் டப்பாவைத் தூக்கினாள்.

"என்னங்க இது?"

"இங்கிலீஷ் வார்த்தை. படிக்கறேன்."

"அது தெரியுது. அர்த்தம் என்ன?"

இந்த இடத்தில்தான் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"தாராள மனசுக்காரங்கன்னு அர்த்தம்மா."

"அதை ஏன் டப்பால ஒட்டினீங்க?"

"இதைத் தொடறப்ப எல்லாம் உன் ஞாபகம் வரும். அதான்."

"அப்ப போன்ல ஒட்டினது?"

"இனிமையாப் பேசறவங்க."

"கதவுல?"

"சாந்தமானவங்க."

அவள் புடவைத் தலைப்பால் டப்பாவைத் துடைத்தாள்.

"இவ்வளவு நாள் கழிச்சு இப்படி நினைக்கறீங்களா என்னைப் பத்தி! இருங்க, நானே தினமும் கேள்வி கேக்கறேன். நீங்க ஒப்பிங்க."

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜை ஆடியது. அதற்கு ஒரு கால் குட்டை. என் கல்லூரிக் காலத்து ஆங்கில அகராதியைத்தான் முட்டுக் கொடுத்திருந்தோம். குனிந்து பார்க்கச் சோம்பலாக இருந்தது. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு வகுப்பு. நான் ஸ்டூலில். அவள் கையில் என் நோட்டு.

"பார்சிமோனியஸ்?"

"தாராளம்!"

"சத்தமா."

"தாராளம்!"

"உதாரணம்?"

"நீதான்!"

"பத்து தடவை சொல்லுங்க. பரீட்சைல மறந்துடப் போகுது."

சொன்னேன். வேறு வழி? பொய்யை ஒருநாள் மாற்றினாலும் மாட்டிக்கொள்வேனே!

இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று நடந்தது. தேநீரோடு மூன்று பிஸ்கட் வந்தது. ஒருநாள் நான்கு. தங்கையிடம் பேசினால் இரண்டே நிமிஷத்தில், "சரிடி, அத்தான் படிக்கறார், வச்சுடறேன்" என்றாள். குப்பைக் கூடையை மறந்தேன். அவளே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, புன்னகையோடு கதவைத் திறந்துவிட்டாள். கல்யாணமான புதிதில்கூட நான் இப்படி வாழ்ந்ததில்லை. பாராட்டுக்கு இவ்வளவு சக்தியா என்று மகிழ்ந்துபோனேன். பொய்யின்மீது எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

தேர்வுக்கு முதல் நாள் மாலை அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடைசியா ஒண்ணு கேக்கறேன். இந்த அர்த்தமெல்லாம் சரிதானே?"

"சந்தேகமா?"

"இல்லே, ஏதாவது தப்பா சொல்லியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"சத்தியமா சரி."

"நல்லது," என்றாள். ஐந்து பிஸ்கட் வைத்தாள்.

நேர்முகத் தேர்வு அறையில் தலைமை அலுவலகத்து அம்மா நடுவில். எங்கள் மேனேஜர் பக்கத்தில். அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எனக்குப் பிடித்த சில கனமான சொற்களை வாக்கியத்தில் அமைத்துச் சொல்லும்படி கேட்டார்.

மேனேஜருக்கு ஐஸ் வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? தேர்வானவர் தாளில் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். கண்ணை மூடினேன். பிஸ்கட் டப்பா வந்தது. உள்ளே நிறைய பிஸ்கட். போன் வந்தது. இரண்டு நிமிஷ இனிமை. கதவு வந்தது. புன்னகை. எல்லாம் பளிச்சென்று இருந்தது. உண்மையான அர்த்தத்தை நான் படித்தது ஒரே ஒரு தடவை. பொய்யை ஒப்பித்தது முந்நூறு தடவை. எது முன்னால் வந்து நிற்கும்?

சுத்தமான ஆங்கிலத்தில் முழங்கினேன். அதன் சாரம் இது:

"எங்கள் மேனேஜரைப் போன்ற பார்சிமோனியஸ் மனிதரை நான் கண்டதில்லை. ஊழியர்களிடம் அவர் எப்போதும் கேரலஸ். வாடிக்கையாளர் எவ்வளவு கோபமாக வந்தாலும் இவர் பெலிஜரன்டாகவே இருப்பார். நாங்கள் இவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறோம்."

அம்மா இருமினார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் இருமினார்.

"நீங்க எத்தனை வருஷமா இவர்கிட்ட வேலை பாக்கறீங்க?"

"ஒன்பது வருஷம், மேடம்."

"தெரியுது. சொல் தேர்வு ரொம்பப் பொருத்தமா இருக்கு."

நான் நன்றி சொல்லிவிட்டு மேனேஜரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் என் இடது காதின் நிறத்துக்கு வந்திருந்தார்.

மாலைக்குள் உத்தரவு வந்தது. மாடி நாற்காலி, என் எதிர் மேஜைக்காரருக்கு. எனக்குக் கீழ்த்தளத்தில், பழைய கோப்புகள் அடுக்கி வைக்கிற அறை. அங்கே ஜன்னல் கிடையாது. எதிர் மேஜைக்காரர்தான் அந்த மூன்று சொற்களுக்கும் எனக்கு அர்த்தம் சொல்லி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஐயோ! எல்லாத்தையும் மேனேஜரைப் பத்தியா சொன்னீங்க?"

"எல்லாத்தையும்."

"இப்படி ஆகும்னு நான் நினைக்கவே இல்லைங்க. ஒருநாளாவது 'தப்பா சொல்லிட்டேன், நீ கஞ்சம்னுதான் ஒட்டினேன்'னு சொல்வீங்கன்னு முப்பது நாள் காத்துட்டிருந்தேன். நேத்துகூட வாயைத் தொறந்து கேட்டேனே."

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"முதல் நாளே மேஜைக் காலுக்கு அடியிலேர்ந்து அகராதியை எடுத்துப் பாத்துட்டேன். மேஜை ஆடுச்சே, நீங்க கவனிக்கலையா?"

எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஜன்னல் போனதைவிட அந்த முப்பது நாள் பிஸ்கட்தான் நெஞ்சில் அடைத்தது. எழுந்து முகம் கழுவப் போனேன்.

'மேக்னானிமஸ்' சீட்டைக் காணோம். அதே இடத்தில் அவள் கையெழுத்தில் ஒரு புதுச் சீட்டு:

'மென்டேஷியஸ். அர்த்தம்: வாயைத் திறந்தால் பொய். ஞாபகக் குறிப்பு: இந்தச் சீட்டுக்குச் சற்று மேலே, கண்ணாடியில் பார்க்கவும்.'